மே 31-இல் ஓய்வு, மீதி இருக்கும் ஒரு ஏக்கரை என்ன செய்வது?

கீழ்மலை ஆசிரியை:

வணக்கம். கீழ்ப்பழனி மலையில் ஒரு சின்னத் தோட்டக்கலைக் கல்லூரியில் முதல்வராக இருக்கிறேன், வருகிற மே 31 எனக்குக் கடைசி நாள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது வகுப்புக்கு 30 பிள்ளைகள், இரண்டு ஓட்டுக் கட்டடம், சுற்றிலும் காப்பி, மிளகு, மலைவாழை. இப்போது மூன்று மடங்கு பிள்ளைகள், புது ஆய்வகம், இரண்டு பஸ். எல்லாம் நான் அலைந்து வாங்கியதுதான், அதில் சந்தோஷம் உண்டு. ஆனால் ஒவ்வொரு கட்டடமும் ஏதோ ஒரு தோட்டத்தை எடுத்துக்கொண்டுதான் வந்தது.

போன வாரம் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியோடு வாழைக்குள் நடந்தேன். வாழைக்கு வரும் முடிக்கொத்து என்ற வைரஸ் நோயைப் பற்றிப் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய பெண். நோய் கண்ட கன்றைத் தாண்டிப் போய்விட்டாள். கூப்பிட்டு, இலையைக் கிழித்து வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன்: நடுநரம்பை ஒட்டிப் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சை. "இதுதானா மேடம்?" என்றாள். ரெக்கார்டு நோட்டில் அதே படத்தை அவளே வரைந்திருக்கிறாள்.

இப்போது மீதி இருக்கும் அந்த ஒரு ஏக்கர் வாழைத் தோட்டத்தில் பெண்கள் விடுதி கட்டலாம் என்கிறார்கள். விடுதி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பல பிள்ளைகள் வத்தலக்குண்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறார்கள். நிலத்தையும் விட மனசில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

தாண்டிக்குடித் தோட்டம்:

மேடம், நான் வேறு கல்லூரியில் படித்தவன், இப்போது சொந்தத் தோட்டம். நிலத்தை விடாதீர்கள். படிக்கும்போது கிராமத்தில் தங்கிச் செய்யும் ராவே பயிற்சியில், ஒரு பெரியவர் முடிக்கொத்து வந்த வாழையைக் காட்டி என்ன செய்யலாம் என்று கேட்டார், கிழங்கோடு தோண்டி எடுங்கள் என்று சொல்லிவிட்டேன். தோண்டுவதற்கு முன்னால் நோயைப் பரப்பும் அசுவினிப் பூச்சியைக் கொல்ல மருந்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்பிப் பக்கத்துக் கன்றில் போய் உட்கார்ந்துவிடும். புத்தகத்தில் அது இருந்தது, ஆனால் கையால் ஒரு தடவைகூடச் செய்யாததால் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அடுத்த சில மாதத்தில் அந்த வரிசையே போய்விட்டது. இன்றும் அவர் வீட்டைத் தாண்டும்போது மனசு உறுத்தும். விருப்பாச்சி வாழைக்கு 2008-இல் புவிசார் குறியீடு வந்தது, பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் வந்தது, அந்தப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கித் தந்த வாழையே இந்த நோயால் கீழ்மலையில் ஏக்கர் ஏக்கராக அழிந்த கதை உங்களுக்குத் தெரியாததில்லை.

கோத்தகிரி விவசாயி:

அம்மா, ஒரு ஏக்கர் போனால் பிள்ளைகளை விவசாயிகள் நிலத்துக்கு அனுப்பலாம் என்று யாராவது சொல்வார்கள். அனுப்புங்கள், ஆனால் அது உங்கள் நிலத்துக்கு ஈடாகாது. நீலகிரியில் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவை 1961-இல் கண்டுபிடித்தார்கள், இன்றுவரை போகவில்லை. வேரை மெதுவாக அலசிப் பார்த்தால் ஊசிமுனை அளவில் மஞ்சள் மணி ஒட்டியிருக்கும், அதன் முட்டை பல வருஷம் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். செருப்பில் ஒட்டிய மண்ணிலும் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணிலும் ஊர் தாண்டும். அதனால் வருகிற பிள்ளைகளிடம் முதலில் பூட்ஸைக் கழுவச் சொல்வேன், சிலர் முகம் சுளிப்பார்கள். தப்புச் செய்து கற்றுக்கொள்ளச் சொந்த நிலம் வேண்டும் அம்மா. என் தோட்டத்தில் தப்புச் செய்தால் நஷ்டம் எனக்குத்தானே?

குன்னூர் விரிவுரையாளர்:

நான் மாற்றிச் சொல்கிறேன். விடுதியைக் கட்டுங்கள் மேடம். தங்க இடமில்லை என்றால் முதலில் படிப்பை நிறுத்துவது பெண் பிள்ளையைத்தான், இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாழை சரிவில் வரும், கட்டடத்தைச் சரிவில் வைக்க முடியாது. 2009 நவம்பர் மழையில் இங்கே மண் சரிந்ததைப் பார்த்த யாரும் சரிவை வெட்டிக் கட்டச் சொல்ல மாட்டார்கள். சமநிலத்தைக் கட்டடத்துக்குக் கொடுத்துவிட்டுத் தோட்டத்தை மேலே ஏற்றுங்கள், அதுவும் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும் முன்னால். அப்புறம் செய்கிறோம் என்று சொன்ன தோட்டம் எதுவும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பத்து கன்று, பேர் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கீழ்மலை ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. விரிவுரையாளர் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை, நான் இந்த ஏக்கரையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு சரிவு உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது, காலையில் போய் ஏறிப் பார்த்தேன். மண் நன்றாகத்தான் இருக்கிறது, மேல் ஓரத்தில் மட்டும் பாறை. கீழ்ப்பழனியில் மலைவாழை நடவு ஏப்ரல், மே மாதத்தில்தான், எனக்கு மீதி இருப்பதும் அதே நாட்கள்தான். திங்கள்கிழமை மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளோடு உண்ணிச்செடி வெட்ட இறங்குகிறோம். அந்தப் பெண்ணும் வருகிறாள். வரப்போகிற முதல்வருக்கு எழுதும் கடிதத்தில் சர்வே எண் போட்டு அந்தச் சரிவைக் குறித்துவிடுகிறேன், விடுதிக் கோப்போடு அதுவும் சேர்ந்தே போகும்.

தாண்டிக்குடித் தம்பி, தாய்மரத்தடியில் முளைக்கும் பக்கக்கன்று வேண்டாம், வைரஸ் சோதனை செய்து ஆய்வகத்தில் வளர்த்த திசு வளர்ப்புக் கன்றுதான் வைக்கப் போகிறேன். நீங்கள் எங்கே வாங்கினீர்கள், இப்போது கேட்டால் மே நடுவுக்குள் கிடைக்குமா?