மறு: பயோடோப் அக்குவேரியம் – ‘வாழ்களத் தொட்டி’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சென்னை கொளத்தூரின் வளர்ப்பு மீன் கடைகளுக்குப் புதிதாக மீன் வாங்க வருகிற பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆற்றுச் சூழலில் சிக்லிட் என்னும் மீன் குடும்பத்தின் சிறுவகைகளை வளர்ப்பது பற்றிய பகுதிக்கு வந்தபோதுதான் ‘பயோடோப் அக்குவேரியம்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று குழுவில் கேட்டேன். இவ்வளவு பேர் அக்கறையோடு எழுதியதற்கு நன்றி. எல்லாவற்றையும் படித்துவிட்டு என் கருத்தை வைக்கிறேன்.

முதலில் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். ஆறு, ஓடை, கழி என்று பெயர் சொல்லக்கூடிய ஓர் இடத்தின் தண்ணீர், அடித்தரை, செடி, மீன் எல்லாவற்றையும் சேர்த்துக் கண்ணாடித் தொட்டிக்குள் அமைப்பதுதான் பயோடோப் தொட்டி. ராம் சிக்லிட்டையும் கிரிபென்சிஸையும் ஒரே தொட்டியில் விட்டு, பின்னால் ஜாவா ஃபெர்ன் வைப்பவர்கள் உண்டு. ராம், வெனிசுலாவிலும் கொலம்பியாவிலும் உள்ள ஓரினோகோ ஆற்றுச் சமவெளி மீன். கிரிபென்சிஸ் தெற்கு நைஜீரியாப் பக்கத்து மீன். ஜாவா ஃபெர்ன் ஆசியச் செடி. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்த மூன்றும் சேர்ந்திருக்கிற ஆறு உலகில் எங்கும் இல்லை. இந்த வேறுபாட்டைக் காட்டாத சொல் நமக்கு உதவாது.

> ‘இயற்கைத் தொட்டி’ என்றால் எல்லோருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். ஜப்பானின் தகாஷி அமானோ வளர்த்தெடுத்த, செடிகளை முதன்மையாக வைக்கும் தொட்டிக்கலைக்கு ‘நேச்சர் அக்குவேரியம்’ என்றே பெயர். ‘இயற்கைத் தொட்டி’ அதற்கு உரிய மொழிபெயர்ப்பு. அங்கே கண்ணுக்கு இனிய நிலக்காட்சிதான் நோக்கம். எந்த நாட்டுச் செடியும் எந்த நாட்டு மீனோடும் சேரலாம். அந்தப் பெயரை அதற்கே விட்டுவிடலாம்.

> பாடநூலில் இருக்கிற ‘வாழிடம்’ இருக்க, புதுச்சொல் எதற்கு?

‘வாழிடம்’ நல்ல சொல்தான். ஆனால் அதை ‘ஹாபிடாட்’ என்பதற்குக் கொடுத்துப் பல காலம் ஆயிற்று. ஹாபிடாட் என்றால் ‘யாருடைய?’ என்று கேட்கலாம்: புலியின் வாழிடம், தவளையின் வாழிடம். 1908-இல் ஜெர்மன் விலங்கியலாளர் ஃப்ரீட்ரிஷ் டால் ‘பயோடோப்’ என்று பெயரிட்டது ஓர் உயிர்க்கூட்டம் முழுவதும் சேர்ந்திருக்கும் களத்தை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், கையேட்டில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வரும்போது தடுமாறுவோம்.

> ‘திணைத்தொட்டி’ என்பேன். நிலமும் பொழுதும் கருப்பொருளும் அதில் அடங்கிவிடுகின்றன.

எனக்கும் முதலில் பிடித்துப்போன சொல் இது. நிலத்தையும் அதில் வாழ்வனவற்றையும் ஒன்றாகப் பார்க்கிற வேறு சொல் நம்மிடம் இல்லை என்பதும் உண்மை. தயக்கம் ஏன் என்றால், முதல் காரணம் அளவு. ஒரு மருதத்துக்குள் வயல், வாய்க்கால், குளம், ஆறு எல்லாம் அடக்கம். பயோடோப்போ மிகச் சிறியது. ஒரே ஆற்றின் ஒரே வளைவில் மணல்திட்டு ஒன்று, கரையோர வேர்ப்புதர் ஒன்று, சருகு படிந்த மடு ஒன்று. மூன்றிலும் வெவ்வேறு மீன்கள். அபிஸ்டோகிராமா போன்ற தென் அமெரிக்கச் சிறுவகைச் சிக்லிட்டுகள் பெரும்பாலும் முழங்கால் ஆழத் தண்ணீரில், சருகுகளுக்கிடையில் கிடப்பவை. சில அடி தள்ளிப்போனாலே அவற்றின் உலகம் மாறிவிடும். இன்னொன்று, தமிழ் விக்கிப்பீடியாவின் உயிரின வகைப்பாட்டில் ‘திணை: விலங்கு’ என்று இந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. மீனின் விவரச் சீட்டில் அந்தத் திணையும் தொட்டியின் பெயரில் இந்தத் திணையும் வந்தால் படிக்கிற பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்?

என் பரிந்துரை: பயோடோப் – வாழ்களம். பயோடோப் அக்குவேரியம் – வாழ்களத் தொட்டி.

‘இடம்’ ஒருவருக்கு உரியதாக இருக்கலாம். ‘களம்’ அப்படியில்லை. நெற்களம், போர்க்களம், ஆடுகளம் என எதை எடுத்தாலும் பலர் கூடி, ஒருவரோடொருவர் உறவோ மோதலோ கொண்டிருக்கிற இடம். பயோடோப்பில் நடப்பதும் அதுதான். நம் பழவேற்காடு மாதிரியான உப்பங்கழிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கரிமீனோடு ஆரஞ்சு குரோமைட் என்கிற சிறிய மீனும் இருக்கும். இரண்டும் சிக்லிட் குடும்பம்தான். சிறியது பெரியதன் உடலில் இருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று சுத்தம் செய்யும். அதே சிறியது, வாய்ப்புக் கிடைத்தால் கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். இந்த உறவை ‘வாழிடம்’ சொல்லாது, ‘களம்’ சொல்லும்.

முன்னால் இடப்பெயர் ஒட்டவும் இது வசதி: (அமேசானின் துணையாறான) ரியோ நெக்ரோ வாழ்களத் தொட்டி, பழவேற்காட்டு வாழ்களத் தொட்டி. தாமிரபரணிக்கே உரிய ‘டாக்கின்சியா தாம்பிரபர்ணியே’ கெண்டையை வைத்து யாராவது அமைத்தால், தாமிரபரணி வாழ்களத் தொட்டி. அப்படி ஒன்று அமைய வேண்டும் என்பது என் ஆசையும்கூட.

> சென்னையில் நீங்கள் தொட்டியில் போடுவது பாதாம் இலை. அது அமேசானில் விழுகிற இலை இல்லையே? பிறகு அது எப்படி அந்த வாழ்களம்?

நியாயமான கேள்வி. உயிருள்ளவை அந்த இடத்தைச் சேர்ந்தவையாகவே இருக்க வேண்டும். இலை, கட்டை, மணல் போன்றவை அதே வேலையைச் செய்தால் போதும் என்று கையேட்டில் வரையறை எழுதியிருக்கிறேன். தெருவில் சிவந்து உதிர்கிற நாட்டு வாதுமை (நீங்கள் சொல்லும் பாதாம்) இலையை நன்றாகக் காயவைத்து, கழுவி, தொட்டியில் போட்டால் முதலில் மிதக்கும். அப்புறம் ஊறி, ஓரம் சுருண்டு, ஒவ்வொன்றாக அடியில் இறங்கும். அந்தச் சுருளுக்குள்தான் பெண் அபிஸ்டோகிராமா புகுந்துகொள்கிறது. முட்டையைக் காக்கும் நாட்களில் அதன் உடல் பளிச்சென்று மஞ்சளாகி, கரும்புள்ளிகள் எடுப்பாகத் தெரியும். தன்னைவிடப் பெரிய ஆணைக்கூட அண்டவிடாது. குஞ்சு பொரித்ததும் இலைக்கு இலை மேயவிட்டுக் கூட்டிக்கொண்டு போகும். இலை எந்த நாட்டு மரத்திலிருந்து விழுந்தது என்பது அந்த மீனுக்குப் பொருட்டே இல்லை.

சரி, தண்ணீர் வகைகளுக்கு வருவோம். அமேசான் ஆறுகளை ஜெர்மன் நீரியல் அறிஞர் ஹரால்ட் சியோலி தண்ணீரை வைத்து மூன்றாகப் பிரித்தார். ஆங்கிலப் பெயர்களை அப்படியே மாற்றினால் கருநீர், வெண்ணீர், தெளிநீர் என்று வரும். முதல் இரண்டும் வேண்டாம் என்பேன். ‘வெண்ணீர்’ காதில் ‘வெந்நீர்’ என்றே விழும். மீன் தொட்டிக் கையேட்டில் அது ஆபத்தான குழப்பம். ‘கருநீர்’ என்றால் சென்னைக்காரர் மனத்தில் கூவம்தான் வரும். கழிவுநீர்த் துறையிலும் கழிப்பறைத் தண்ணீருக்கு அதே ஆங்கிலப் பெயர் இருக்கிறது. ரியோ நெக்ரோ தண்ணீரோ பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் இருந்தாலும் கலங்கல் இல்லாதது. உப்புகள் மிகக் குறைவு, நல்ல அமிலத்தன்மை. மட்கிய இலைதழைகளிலிருந்து இறங்கும் சாறுதான் அந்த நிறம். ஆகவே ‘சருகுநீர்’ என்கிறேன். ஆண்டீஸ் மலைச் சேற்றைச் சுமந்து வருவது ‘வண்டல்நீர்’. தபஜோஸ், சிங்கு போன்ற துணையாறுகளில் ஓடுவது ‘தெளிநீர்’. பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு அருகே ரியோ நெக்ரோவின் சருகுநீரும் சோலிமோயிஸின் (அமேசானின் மேற்பகுதிக்கு அங்குள்ள பெயர்) வண்டல்நீரும் ஆறேழு கிலோமீட்டர் கலக்காமலே பக்கம் பக்கமாக ஓடுகின்றன என்று எழுதிப் பாருங்கள். இரண்டு தண்ணீரும் ஏன் வேறு என்பது பெயரிலேயே தெரிந்துவிடுகிறது.

இது நமக்கு நடைமுறையிலும் முக்கியம். சென்னையில் பல வீடுகளில் போர்வெல் தண்ணீர் உப்பும் கடினத்தன்மையும் கூடியது. அதில் எவ்வளவு இலை போட்டாலும் நிறம்தான் வரும், தண்ணீர் மென்மையாகாது. சருகுநீர் மீன் வேண்டுமென்றால் ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ வேண்டும். அது முடியாதவர்கள் உப்பங்கழி வாழ்களம் அமைப்பதே நல்லது.

‘சிக்லிட்’ அப்படியே இருக்கட்டும். ‘ஜிலேபிக் குடும்பம்’ என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். நம் ஜிலேபி மீனும் சிக்லிட்தான் என்பது சரி. ஆனால் அது ஆப்பிரிக்காவிலிருந்து 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இங்கேயே பிறந்த கரிமீனை அதன் பெயரால் அழைப்பது பொருந்தாது. ‘குறுஞ்சிக்லிட்’ என்பதையும் தவிர்த்தேன்; வேகமாகப் படித்தால் குறிஞ்சி என்று கண் ஓடுகிறது.

அடியில் படிந்து கிடக்கும் சருகுகளைக் குறிக்கும் ‘லீஃப் லிட்டர்’ என்பதற்குச் ‘சருகுப்படுகை’ என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். மிச்சம் இருப்பது டிரிஃப்ட்வுட். ‘அமிழ்கட்டை’ என்று தற்காலிகமாக எழுதிவைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. வெள்ளத்தில் அடித்துவந்து கரையொதுங்கிய கட்டையைக் காசிமேட்டிலோ பழவேற்காட்டிலோ என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள்? அந்தப் பக்கத்து உறுப்பினர்கள் விசாரித்து எழுதினால், அந்தச் சொல்லையே கையேட்டில் போட்டுவிடலாம்.

அன்புடன்.