கோடியக்கரை: உப்பளமும் உள்ளானும்

கோடியக்கரைக்கு இதுவரை மூன்று முறை சென்று வந்திருக்கிறேன். முதல் முறை பூநாரைகளைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசையோடு சென்று, அவற்றைச் சரியாகப் பார்க்காமலே திரும்பினேன். பறவை பார்ப்பதற்கு ஒரு நாள், ஊரின் வரலாற்றுக்கு ஒரு நாள் என்று நான் வகுத்துக்கொண்டு போன திட்டம் அங்கே பொருந்தாது என்பது அந்தப் பயணத்திலேயே புரிந்துவிட்டது. அங்கே இரண்டும் ஒரே வரப்பின்மேல் கிடக்கின்றன.

நிலத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். வடக்கிலிருந்து வங்கக் கடலோரமாக இறங்கிவரும் சோழமண்டலக் கரை, கோடியக்கரையில் ஏறக்குறையச் செங்கோணமாக மேற்கே திரும்புகிறது. அங்கிருந்து தெற்கே விரிவது பாக் நீரிணை, அதற்கு அப்பால் யாழ்ப்பாணக் கரை. இந்த முனையிலிருந்து மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரையில் வேதாரண்யம் பெருஞ்சதுப்பு நீண்டு கிடக்கிறது. வெளிமானைக் காப்பதற்காக 1967-இல் இங்கே சரணாலயம் அமைக்கப்பட்டது. காடும் சதுப்பும் அலையாத்தியும் சேர்ந்த 38,500 ஹெக்டேர் பரப்பு, 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வேதாரண்யத்திலிருந்து தெற்கே செல்லும் சாலையில் அகத்தியம்பள்ளி, கோடியக்காடு, கோடியக்கரை என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. அந்தச் சிறிய தொலைவுக்குள் உப்பளம், காடு, கடல் மூன்றையும் கடந்துவிடலாம்.

முதல் பயணம் ஒரு டிசம்பர் மாத நடுவில் அமைந்தது. வனத்துறையின் 'பூநாரை இல்லம்' விடுதியில் இரவு தங்கிவிட்டு, விடியும் முன்பே கிளம்பினேன். வழிகாட்டியாக வந்த பெரியவர் இளமையில் உப்பளத்தில் வேலை பார்த்தவர். பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சதுப்பின் விளிம்பில் நின்று இருநோக்கியில் பார்த்தபோது, அடிவானத்தை ஒட்டி வெளிறிய கோடு ஒன்று தெரிந்ததே தவிர, ஒரு பறவையையும் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நான் வருந்துவதைக் கண்ட பெரியவர், “தண்ணி இன்னும் வடியலை தம்பி. முட்டிக்குக் கீழ இறங்கணும். அப்பத்தான் அது தலையைக் கவுத்து மேயும். தை பொறந்து வாங்க” என்றார். நீரின் ஆழத்தைத் தூரத்திலிருந்தே, அதன் நிறத்தையும் காற்று அதன்மேல் எழுப்பும் சுருக்கத்தையும் வைத்து அவர் கணித்தார். அது பறவை நூல்களில் படித்துப் பெற்ற அறிவு அன்று; பாத்தியில் நீர் எத்தனை விரற்கடை நிற்கிறது என்பதைப் பார்த்துப் பார்த்து வந்த அறிவு.

அவர் சொற்படியே அடுத்த தை மாதத்தில் மீண்டும் சென்றேன். அந்தக் காலையை என்னால் மறக்க முடியாது. முந்நூறு, நானூறு அடி தொலைவில் பூநாரைகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாக்கை முன்னும் பின்னும் அசைத்து நீரை உறிஞ்சி வெளியேற்றுகையில், அலகின் ஓரத்தில் உள்ள நுண்ணிய சல்லடைத் தகடுகள் சிறு உயிர்களையும் பாசியையும் வடிகட்டிக்கொள்கின்றன. அவற்றின் இளஞ்சிவப்பு நிறம் இந்த உணவிலிருந்தே வருகிறது. கூட்டத்தின் நடுவே சாம்பலும் பழுப்புமாக நின்றவை இன்னும் நிறம் ஏறாத இளம் பறவைகள். பூநாரைகள் இங்கே கூடு கட்டுவதில்லை. இந்தியாவில் அவை பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது கட்ச் உவர்நிலத்தில்தான். ஒரு முறை கூட்டம் முழுவதும் எழுந்து திரும்பியபோது, சிறகுகளுக்குள் மறைந்திருந்த செம்மையும் கருமையும் ஒரே நேரத்தில் விரிந்தன. அருகில் நின்ற சிறுவன் ஒருவன் கையிலிருந்த முறுக்கைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பலர் பூநாரையைச் செங்கால் நாரை என்று எழுதுகிறார்கள், அது சரியன்று. பழம்பாடலில் வரும் செங்கால் நாரையின் அலகு, பனங்கிழங்கைப் பிளந்தாற்போல நேராகவும் கூராகவும் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. பூநாரையின் அலகோ நடுவில் முறிந்ததுபோல் வளைந்தது. பெயர் மாறினால் பறவையே மாறிவிடும் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

அன்று மதியம் பெரியவர் தமக்குத் தெரிந்தவர்களிடம் அனுமதி கேட்டு, உப்பள வரப்புகளில் என்னை அழைத்துச் சென்றார். உப்பளத்தை அதுவரை ஒரே மாதிரியான வெள்ளை நிலமாகவே எண்ணியிருந்தேன். கடல்நீர் முதலில் பெரிய தேக்கத்துக்கு வருகிறது. அங்கே அது ஏறக்குறையக் கடலின் உவர்ப்போடே இருப்பதால் மீன்கள் வாழ்கின்றன. ஆலாக்களும் கொக்குகளும் கூழைக்கடாக்களும் அங்கேதான் கூடுகின்றன. பிறகு நீர் படிப்படியாக அடுத்தடுத்த பாத்திகளுக்குத் திருப்பப்பட்டு, வெயிலில் வற்றி உவர்ப்பு ஏறுகிறது. மீன்கள் வாழ முடியாத அந்த இடைநிலை நீரில் உவர்நீர் இறால்களும் பூச்சிப் புழுக்களும் பெருகுகின்றன. உள்ளான்கள் எனப்படும் சிறு கரைப்பறவைகளுக்கு அது விருந்து. கடைசிப் பாத்தியில் உப்பு பூத்துவிட்டால் அங்கே இரை தேடும் பறவை எதுவும் இல்லை. எந்தப் பாத்தியில் எந்தப் பறவை நிற்கிறது என்பதைக் கொண்டே அந்த நீரின் உவர்ப்பைச் சொல்லிவிடலாம் என்று பெரியவர் சொன்னதை, அன்று மாலைக்குள் என் கண்ணாலேயே சரிபார்த்துக்கொண்டேன்.

வரப்பில் எங்களுக்கு முன்னால் ஒரு சிறிய பறவை, நான்கு அடி ஓடுவதும் சட்டென நிற்பதும் தரையைக் கொத்துவதுமாகச் சென்றுகொண்டிருந்தது. பட்டாணி உப்புக்கொத்தி. இந்தப் பெயரை எத்தனையோ முறை பட்டியல்களில் எழுதியிருக்கிறேன். ஆனால் அதன் பொருளை அன்று அந்த வரப்பில் நின்றபோதுதான் முதன்முறையாக நினைத்துப் பார்த்தேன். உப்பு படிந்த தரையைக் கொத்துவதுபோல் தோன்றும் பறவைக்கு, அந்தத் தரையில் நாளெல்லாம் நின்றவர்கள் அல்லாமல் வேறு யார் அப்படிப் பெயர் வைத்திருக்க முடியும்? இதற்குச் சான்று எதுவும் என்னிடம் இல்லை. என் மனம் அப்படித்தான் நம்புகிறது.

உப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே அகத்தியம்பள்ளி நினைவுத்தூணுக்கு வந்து சேர்ந்தோம். உப்புச் சத்தியாகிரகத்துக்காக 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட ஏறத்தாழ நூறு தொண்டர்கள், தஞ்சை மாவட்டம் வழியாக நடந்து ஏப்ரல் 28 அன்று வேதாரண்யத்தை அடைந்தார்கள். ஏப்ரல் 30 காலையில் இங்கே உப்பை அள்ளி ராஜாஜி கைதானார். தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறைத் தண்டனை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்தார். அதனால் மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டிவைத்துவிட்டு, தொண்டர்கள் எடுத்துக்கொள்ளும்படி ஒதுங்கிக்கொண்டார்கள். வேதாரண்யத்தில் எல்லா ஏற்பாடுகளையும் முன்னின்று செய்த வேதரத்தினம் பிள்ளை சிறை சென்றார். அவருடைய சொத்துகளும் பறிமுதல் செய்யப்பட்டன.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழ வைப்பவர் வைரப்பன். முடிதிருத்தும் தொழிலாளியான அவர், சத்தியாகிரகிகளை அடித்த காவலர்களுக்குச் சவரம் செய்வதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். சாதாரண உடையில் வந்து அமர்ந்தவர் ஒரு காவலர் என்பது பாதிச் சவரத்தில் தெரியவந்ததும், கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மிரட்டியும் பணியவில்லை, சிறைக்குச் சென்றார். அவருக்கு வேதாரண்யத்தில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. பறவை பார்க்க வருகிறவர்கள் பேருந்து மாறும் நேரத்திலாவது அதைத் தேடிச் சென்று பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ராஜாஜியும் தொண்டர்களும் உப்பு எடுப்பதற்கு இந்தக் கரையைத் தேர்ந்தபோது, இந்தச் சதுப்பில் வெயில் ஏறினால் உப்பு தானாகவே விளைந்து கிடக்கும் என்பதும் அவர்களுக்குத் துணையாக இருந்தது. உள்ளானை இங்கே இழுத்துவரும் அதே ஆழமற்ற நீர்தான் அந்த உப்பையும் விளைவித்தது.

உள்ளான்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் கொசு உள்ளானின் எடை முப்பது கிராமைத் தாண்டுவது அரிது. அது வடதுருவத்தை ஒட்டிய தூந்திர நிலத்தில் முட்டையிட்டுப் பொரித்துவிட்டு, குளிருக்கு முன்பு இங்கே வந்து சேர்கிறது. இத்தகைய பறவைகளின் வழித்தடத்தை அறிவதற்காக, பறவையியலாளர் சாலிம் அலியின் காலத்திலிருந்தே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்துக் காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி விடுவித்து வருகிறது. அதற்குப் பறவைக்குச் சிறு காயமும் படாமல் பிடிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். பீகாரில் தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து வாழ்ந்த மீர்ஷிகார் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் இங்கே வந்து அந்த வேலையைச் செய்தார்கள். விற்பதற்குப் பிடித்த கைகள் விடுவிப்பதற்காகப் பிடித்தன. உலகில் இன்று சில நூறே எஞ்சியிருப்பதாகக் கருதப்படும் கரண்டிமூக்கு உள்ளானும் 1980-களில் இங்கே பதிவானது. நான் ஒவ்வொரு முறையும் உள்ளான் கூட்டத்தில் அந்தக் கரண்டி அலகைத் தேடாமல் திரும்புவதில்லை. இன்னும் கண்ணில் படவில்லை.

கூட்டங்கள் பழையபடி வருவதில்லை என்பதைப் பெரியவர் வருத்தத்தோடு சொன்னார். நன்னீர் வரத்துக் குறைந்ததும், கடல்நீரை இறைத்துத் தேக்குவதால் சதுப்பின் உவர்ப்பு மாறியதும் இதற்குக் காரணங்கள் என்று அவர் சொன்னார்; இதையே ஆய்வாளர்களும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். உப்பளமே பறவைக்குப் பகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறிய பாத்திகளையும் இயற்கையான நீர்ப்போக்கையும் கொண்ட பழைய உப்பளத்தையும், சதுப்பின் நீரோட்டத்தையே திருப்பிவிடும் பெரிய அமைப்புகளையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

மூன்றாவது பயணத்தைக் காட்டுக்கென்றே வைத்துக்கொண்டேன். ஐப்பசித் தொடக்கத்தில் சென்றதால் மழைக்கு முந்தைய புழுக்கம் இருந்தது. பாலை மரங்கள் அடர்ந்த இந்த உலர் பசுமைமாறாக் காடு, 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலில் கடுமையாகச் சிதைந்தது. மான்களும் மட்டக்குதிரைகளும் பலியாயின. முறிந்த பெருமரங்களின் அடியிலிருந்து கிளைத்த புதுத் தளிர்களை அங்கங்கே பார்த்தேன்; சீமைக்கருவேலும் அதே வேகத்தில் முளைப்பதையும் பார்த்தேன். புல்வெளியில் முறுக்குக் கொம்போடு கருமேனியும் வெள்ளை வயிறுமாக நின்ற வெளிமான் ஆண் ஒன்று, வெகுநேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. புதர்க்கீழ்ச் சருகில் ஆறுமணிக்குருவி ஒன்றும் தென்பட்டது. இமயமலை அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் தெற்கே வரும் அந்தப் பறவைகளில் சில கடலைத் தாண்டி இலங்கைக்கும் போகின்றன. நாங்கள் அருகில் செல்லாமல் அதை அதன் பாட்டில் விட்டுவிட்டோம்.

மாலையில் கோடியக்காட்டுக் குழகர் கோயிலுக்குச் சென்றோம். 8-ஆம் நூற்றாண்டினர் என்று பொதுவாகக் கொள்ளப்படும் சுந்தரர் இங்கே பாடிய பதிகத்தில், கடற்காற்று வந்து மோதும் கரையில், காட்டின் நடுவே, துணை யாரும் இல்லாமல் இப்படித் தனியே இருக்கிறீரே என்று இறைவனைப் பார்த்து இரங்குகிறார். அம்மை அஞ்சும்படி மரப்பொந்தில் ஆந்தையும் கூகையும் குழறுகின்றனவே என்றும் கேட்கிறார். கடற்கரையில் சோழர் காலத்தது என்று ஊரார் சொல்லிவந்த கலங்கரை விளக்கத்தின் எச்சம், 2004 ஆழிப்பேரலையில் சிதைந்துபோனது. பதிகத்தில் உள்ள காற்றும் காடும் இன்னும் இருக்கின்றன. கோயில் விளக்கு ஏற்றும் நேரத்தில், மதிலுக்கு வெளியே இருந்த மரத்திலிருந்து புள்ளி ஆந்தை ஒன்று படபடவென்று குரல் எழுப்பியது. சற்றுத் தள்ளி இன்னொன்று பதில் கொடுத்தது. பொந்து எந்த மரத்தில் என்று இருவரும் தேடினோம். கண்டுபிடிப்பதற்குள் இருட்டிவிட்டது.