பட்டனை எல்லாம் எங்கே கொண்டுபோய் ஒளித்தார்கள்?

கேள்வி: புது வண்டியில் ஏசியைக் குறைக்கக்கூட திரையில் மூன்று முறை தட்ட வேண்டியிருக்கிறது, அதற்குள் முன்னால் போகிறவர் பிரேக் போட்டுவிடுகிறார். விளம்பரத்தில் இதற்குப் பெயர் சொகுசாம். உங்களுக்கும் இப்படித்தானா?

பதில் 1: சொகுசாவது ஒன்றாவது! திரையை வைத்துவிட்டால் பத்துப் பட்டனும் வயரிங்கும் கார் கம்பெனிக்கு மிச்சம். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் போடும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பட்டனோ லீவரோ இருந்தால்தான் முழு மதிப்பெண் தருகிறது.

பதில் 2: பட்டன் இருந்தாலும் நிம்மதி இல்லையே. பிஎம்டபிள்யூ 2022-இல் சில நாடுகளில் சீட்டைச் சூடாக்க மாதச் சந்தா கேட்டது, கருவி ஏற்கனவே சீட்டுக்குள் இருக்கிறது, திறந்துவிடத்தான் காசு. திட்டு வாங்கி அடுத்த வருடமே கைவிட்டார்கள்.

கேட்டவர்: சரிதான். பழைய வண்டியில் திருகுகிற குமிழ், சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கை அங்கே போய்விடும்.