விக்ஸ் கிராட்டர்: பரிசாகப் போனதா, விலைக்குப் போனதா?

கடலோடி:
1953 ஜனவரியில் பிரான்சின் பர்கண்டியில், விக்ஸ் என்ற சிற்றூரில் தொல்லியலாளர் ரெனே ஜோஃப்ருவா குழுவினர் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 500 வாக்கில் புதைக்கப்பட்ட கெல்ட்டியப் பெண் ஒருத்தி. 480 கிராம் தங்கக் கழுத்தணி, சக்கரங்கள் கழற்றி வைத்த வண்டி, பக்கத்திலேயே ஒரு கிரேக்க வெண்கலக் கிராட்டர், அதாவது மது கலக்கும் பெரிய பாண்டம். உயரம் 1.64 மீட்டர், எடை 208 கிலோ, கொள்ளளவு சுமார் 1,100 லிட்டர். இதைப் போய் 'வியாபாரச் சரக்கு' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என்னால் ஏற்க முடியவில்லை. பிரிட்டன் பக்கமிருந்து, வெண்கலம் செய்ய வேண்டிய வெள்ளீயம் சேன் நதி வழியாக வந்தது. அந்த வழியைக் கையில் வைத்திருந்தது விக்ஸை ஒட்டிய லாசுவா குன்றின் தலைமை. அந்தத் தயவு மசாலியா (இன்றைய மார்செய்) கிரேக்க வணிகர்களுக்கு வேண்டியிருந்தது. இது அதற்காகக் கொடுத்த பரிசு.

மண்வெட்டி:
சரக்கு என்று எழுதியது நான்தான், இப்போதும் அதையேதான் சொல்கிறேன். பாண்டத்தின் கழுத்தைப் பாருங்கள். தேர்களும் காலாட்படை வீரர்களும் வரிசையாகப் போகிறார்கள். ஒவ்வோர் உருவத்தையும் தனியே வார்த்து ஒட்டியிருக்கிறார்கள். எது எங்கே பொருந்த வேண்டும் என்று காட்டக் கிரேக்க எழுத்துகளைக் குறித்திருக்கிறார்கள். தொலைதூரம் பிரித்துக் கொண்டுபோய்ப் பூட்டுவதற்கு வசதியான வேலை இது. ஆர்டர் எடுத்துச் செய்யும் பட்டறையின் பழக்கமாகவே எனக்குத் தெரிகிறது.

கடலோடி:
ஆர்டர் எடுத்தால் அது பரிசாக இருக்கக் கூடாதா? கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்வதைப் பாருங்கள். லிடிய (இன்றைய துருக்கிப் பகுதி) மன்னன் குரோசஸுக்குக் கொடுக்க ஸ்பார்ட்டாக்காரர்கள் விளிம்பைச் சுற்றி உருவங்கள் வைத்து, 300 ஆம்போரா (மது ஜாடி அளவு) பிடிக்கும் வெண்கலக் கிராட்டர் ஒன்றைச் செய்தார்கள். அரசனுக்கு அரசு கொடுப்பது. விக்ஸ் பாண்டமும் அதே நூற்றாண்டுதான்.

மண்வெட்டி:
கதையை முழுசாகச் சொல்லுங்கள். அந்தக் கிராட்டர் குரோசஸின் தலைநகர் சார்டிஸுக்குப் போய்ச் சேரவே இல்லை. சாமோஸ் தீவுக்காரர்கள் வழிமறித்துப் பறித்தார்கள் என்று ஸ்பார்ட்டா சொன்னது. சாமோஸ்காரர்களோ, குரோசஸ் வீழ்ந்த செய்தி கேட்டுக் கொண்டுவந்தவர்களே அதை விற்றுவிட்டார்கள் என்றார்கள். பரிசாகப் புறப்பட்டதே விலைக்குப் போகும் என்று ஹெரோடோட்டஸ் கேட்ட ஊர்க்காரர்களுக்குத் தோன்றியிருக்கிறது அல்லவா?

தென்றல்:
இடையில் ஒன்று. நீங்கள் இரண்டு பேருமே அனுப்பியவனைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். வைத்திருந்தவளை விட்டுவிட்டீர்கள். கிரேக்கர்கள் திராட்சை மதுவில் தண்ணீர் கலந்து குடிக்கத்தான் கிராட்டர். அந்தக் கல்லறையில் ஏதென்ஸ் கோப்பைகள் இருந்தன, இத்தாலியின் எத்ருஸ்கன் மக்கள் செய்த கூஜா இருந்தது. கலக்க, ஊற்ற, குடிக்க என எல்லாம் சேர்த்து ஒரு முழு விருந்துச் செட். மூடியைக் கவனியுங்கள்: வடிகட்டி போல ஓட்டைகள், நடுவில் தலைக்கு முக்காடிட்ட ஒரு பெண் சிலை. ஆயிரம் லிட்டர் மதுவை ஊருக்கே ஊற்றிக் கொடுக்கிற அதிகாரம் ஒரு பெண்ணிடம் இருந்திருக்கிறது. கிரேக்க ஊரில் மரியாதையான வீட்டுப் பெண் ஆண்களின் மது விருந்தில் உட்காரவே மாட்டாள். பாண்டத்தோடு கிரேக்கப் பழக்கமும் அப்படியே வந்தது என்று யாரும் சொல்லாதீர்கள்.

கடலோடி:
சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவ்வளவு அதிகாரம் உள்ளவளிடம் எவன் விலை பேசுவான்? என் வாதத்துக்குத்தான் பலம்.

மண்வெட்டி:
அதிகாரம் உள்ளவள்தான் பேரம் பேசுவாள்! அப்புறம், ஸ்பார்ட்டா ஒப்பீட்டிலும் ஒரு சிக்கல். எழுத்து வடிவத்தை வைத்து இது ஸ்பார்ட்டா வேலை என்று சிலர் சொன்னார்கள். தென் இத்தாலியின் தாராஸ் ஸ்பார்ட்டாவின் குடியேற்றம்தான், அங்கும் அதே எழுத்து மரபு. இன்று பல ஆய்வாளர்கள் தென் இத்தாலிப் பட்டறை என்றே கருதுகிறார்கள். அங்கே அரசு அனுப்பும் பரிசுக்கு மட்டுமா வெண்கலம் உருக்கினார்கள்?

தென்றல்:
பட்டறை எங்கே இருந்தாலும் கைவேலையைச் சொல்லாமல் போகக் கூடாது. உடல் ஒரே தகட்டைத் தட்டித் தட்டி எடுத்தது, தடிமன் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான். கோர்கன் (கிரேக்கப் புராணத்தின் பாம்புமுடி அரக்கி) முகம் கொண்ட கைப்பிடிகள் ஒவ்வொன்றும் 40 கிலோவுக்கு மேல். அத்தனை மெல்லிய சுவர் இருக்க, அந்தப் பாரத்தைத் தோளும் கழுத்தும் தாங்குகிற மாதிரி கைவினைஞன் செய்திருக்கிறான். விக்ஸுக்குப் பக்கத்து ஊரான ஷாத்தியோன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் முதலில் கைப்பிடியின் அடியில் சுருண்டிருக்கும் பாம்புகளைப் பாருங்கள்.