தம்பிக்கு எந்த மருந்து?

ஞாயிறு, காலை 7.12

எட்மன்டன் தம்பி: எல்லாருக்கும் காலை வணக்கம். இங்கே இன்னும் சனிக்கிழமை இரவுதான். ஒரு யோசனை கேட்கணும். மருந்தை மாற்றலாம் என்று பார்க்கிறேன். இப்போது பாவிக்கிறதில் புகை தாங்க முடியவில்லை.

பண்டாரவளை சித்தி: ஐயோ மகன், உனக்கு என்ன வருத்தம்? யாரிடமும் சொல்லவே இல்லையே. அது என்ன, புகை வருகிற மருந்து?

எட்மன்டன் தம்பி: சித்தி, அந்த மருந்து இல்லை 😀 துவக்கு மருந்து. கிளப்பில் சுடுகிற 9 மி.மீ. பிஸ்டலுக்கு நானே தோட்டா கட்டுகிறேன் இல்லையா, அதற்கு.

பண்டாரவளை சித்தி: இது வருத்தத்தை விட மோசம்.

மஸ்கெலியா மச்சான்: கனடாவில் பிஸ்டலுக்குத் தடை என்றார்களே?

எட்மன்டன் தம்பி: 2022 அக்டோபர் 21க்குப் பிறகு பொதுவாக ஆட்கள் புதிதாக வாங்க, விற்க, கைமாற்ற முடியாது. என்னுடையது அதற்கு முன்பே பதிந்தது. ரேஞ்சில் மட்டும் சுடலாம்.

கொட்டகலை மாமா: சரி, விஷயத்துக்கு வா. புகை எதிலிருந்து வருகிறது?

எட்மன்டன் தம்பி: செம்பு உறை போட்ட குண்டு விலை கூடிவிட்டது மாமா. அதனால் பூச்சுக் குண்டுக்கு மாறினேன். ஈயத்தில் வார்த்து, மேலே பாலிமர் பூசி, சூளையில் வேகவைத்தது. என்னுடையது பச்சை நிறம். பழைய ஈயக் குண்டுக்கு மெழுகு தடவுவார்கள், அது எரிந்து புகையும். பூச்சுக் குண்டில் மெழுகு இல்லை. அப்படியும் நாலு வெடி போட்டால் குறிப்பலகை தெரியவில்லை. குழலுக்குள் வெள்ளி வெள்ளியாகக் கோடும் விழுகிறது.

ஹட்டன் அண்ணா: இப்போது என்ன மருந்து?

எட்மன்டன் தம்பி: ஹாட்ஜ்டன் கம்பெனியின் டைட்குரூப். தோட்டாவுக்குக் கொஞ்சம்தான் போகும். ஒரு ராத்தல், அதாவது ஒரு பவுண்டு, என்றால் 7000 கிரெய்ன். அளவு பார்க்காமல் சும்மா கணக்குக்கு நாலு நாலாகப் போட்டாலும் 1750 தோட்டா. அந்த ஆசையில் வாங்கினேன்.

கொட்டகலை மாமா: ராத்தல் என்ற சொல்லைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு. கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போன மாதிரி இருக்கு.

ஹட்டன் அண்ணா: டைட்குரூப்பில் நைட்ரோசெல்லுலோஸோடு நைட்ரோகிளிசரினும் சேர்ந்திருக்கிறது. 1887இல் நோபல் செய்த பாலிஸ்டைட்டும் அந்த வகைதான். நைட்ரோகிளிசரின் கூடினால் சுவாலையின் சூடும் கூடும். வேகமாக எரிவது வேறு, சூடாக எரிவது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதே. உனக்கு வேகமான மருந்து வேணும், ஆனால் சூடு குறைந்ததாக. இல்லாவிட்டால் குண்டின் அடியில் இருக்கிற பூச்சு பொசுங்கும். புகை அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

கொட்டகலை மாமா: இது எங்கள் தேயிலை டிரையர் கதை. சூட்டை ஏற்றினால் வேலை சீக்கிரம் முடிகிறது என்று புதுப் பையன்கள் நினைப்பார்கள். தூளின் மேல்பக்கம் காய்ந்து இறுகிவிடும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். ஆனால் மருமகனே, அண்ணன் புகைக்குக் காரணம் சொன்னான், கோட்டுக்குச் சொல்லவில்லையே. உன் பூச்சு சரியாக வெந்திருக்கா?

ஹட்டன் அண்ணா: அசிட்டோனில் துணியை நனைத்து ஒரு குண்டைத் தேய்த்துப் பார். நிறம் துணியில் வந்தால் வேகவில்லை.

பண்டாரவளை சித்தி: நெயில் பாலிஷ் கழுவுகிறதா? அதை என்னிடம் கேட்டிருக்கலாமே.

காலை 7.50

எட்மன்டன் தம்பி: தேய்த்துவிட்டேன். துணி வெள்ளையாகவே இருக்கு.

கொட்டகலை மாமா: அப்ப வெந்திருக்கு. கட்டிய தோட்டா ஒன்றைப் பிரித்துப் படம் போடு.

எட்மன்டன் தம்பி: 📷 படம்

கொட்டகலை மாமா: கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். குண்டின் இடுப்பில் ஒரு பக்கம் பச்சை உரிந்து ஈயம் பளபளவென்று தெரிகிறது. கோதின், அதான் குண்டைப் பிடிக்கிற கூட்டின், வாயில் மெல்லிய பச்சைச் சுருள் ஒட்டியிருக்கிறது, பென்சில் சீவினால் வருமே, அந்த மாதிரி. குண்டை உள்ளே அழுத்தும்போது கோது அதைச் சீவுகிறது.

எட்மன்டன் தம்பி: அட. உறைக் குண்டுக்கு வைத்திருந்த வாய் விரிவை நான் மாற்றவே இல்லை. உறைக் குண்டின் விட்டம் .355 அங்குலம், இதன் விட்டம் .356.

ஹட்டன் அண்ணா: ஆயிரத்தில் ஒன்று. அது போதும். கோதின் வாயை இன்னும் கொஞ்சம் விரித்துவிடு, குண்டு தானாக உட்கார வேணும். கடைசியில் அந்த விரிவை நேராக்கினால் போதும், இறுக்கிக் கடிக்கவிடாதே. கடித்தாலும் பூச்சு வெட்டுப்படும். வெறும் ஈயம் குழலில் உரசித்தான் உன் வெள்ளிக் கோடு.

நான்: அப்ப மருந்தை மாற்ற வேண்டியதில்லையா?

ஹட்டன் அண்ணா: கோட்டுக்கு வாய். புகைக்கு மருந்து. இரண்டும் செய்யணும்.

எட்மன்டன் தம்பி: இரண்டு பெயர் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பின்லாந்தின் விஹ்டவூரி கம்பெனியின் N320. சூடு குறைவு, சுத்தம், ஆனால் விலை கண்ணைக் கட்டும். மற்றது அலையன்ட் கம்பெனியின் ஸ்போர்ட் பிஸ்டல். பூச்சுக் குண்டுக்கு ஏற்றது என்று கம்பெனியே சொல்கிறது.

கொட்டகலை மாமா: கையில் கிடைக்கிற ஒன்றை வாங்கு. ஆனால் மருந்து கோதுக்குள் எவ்வளவு இடம் பிடிக்கும்?

எட்மன்டன் தம்பி: நல்ல கேள்வி மாமா. டைட்குரூப் கோதின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். கைதவறி இரண்டு தடவை விழுந்தாலும் வழியாது, குண்டும் மேலே உட்கார்ந்துவிடும். சுட்டால் பிஸ்டலே பிளக்கும். அதனால் ஒவ்வொரு கோதிலும் லைட் அடித்துப் பார்த்துத்தான் குண்டு வைப்பேன். எந்த மருந்து வாங்கினாலும் அந்தப் பழக்கத்தை விடமாட்டேன்.

ஹட்டன் அண்ணா: பழைய மருந்தின் அளவைப் புதியதற்குப் போட்டுவிடாதே. அந்தக் கம்பெனியின் அட்டவணையை எடு, உன் எடைக்கு உரிய ஈயக் குண்டு வரியைப் பார், குறைந்த அளவில் தொடங்கு.

மஸ்கெலியா மச்சான்: இங்கே பன்றி வந்து கிழங்குப் பாத்தியை எல்லாம் கிளறிப் போட்டிருக்கு. தம்பி, கொஞ்சம் சொல்லிக்கொடு 😁

கொட்டகலை மாமா: அந்தப் பேச்சை இங்கே எடுக்காதே. 1916இன் துவக்குச் சட்டமும் 1956இன் வெடிபொருள் சட்டமும் இன்னும் நடைமுறையில் இருக்கு. அனுமதியில்லாமல் மருந்து வைத்திருந்தால் உள்ளே போவாய். பொறியாகக் கட்டிவைக்கிற கட்டுத்துவக்கில் பன்றி மட்டும் அடிபடுவதில்லை, கொழுந்து எடுக்கப் போகிறவள் காலும்தான்.

மஸ்கெலியா மச்சான்: பகிடிக்குச் சொன்னேன் மாமா. வேலியைத்தான் திருத்தப் போகிறேன்.

அடுத்த ஞாயிறு, காலை 6.58

எட்மன்டன் தம்பி: ஸ்போர்ட் பிஸ்டல்தான் கடையில் கிடைத்தது. வாயை விரித்து 50 தோட்டா கட்டினேன். 📷 படம். குழலுக்குள் ஒரு கோடும் இல்லை. புகை பாதிக்கு மேல் குறைவு.

கொட்டகலை மாமா: கண்ணாடி மாதிரி இருக்கு.

எட்மன்டன் தம்பி: ஒரு குறை. குண்டு 147 கிரெய்ன், வேகம் நொடிக்கு 810 அடிதான் காட்டியது. பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 119. போட்டியில் மைனர் என்கிற கீழ்ப்பிரிவுக்கே இந்தக் கணக்கு 125 வர வேணும்.

ஹட்டன் அண்ணா: அதற்கு 851 அடி வேகம் வரணும். அட்டவணையில் மேலே இடமிருக்கா?

எட்மன்டன் தம்பி: இருக்கு. பத்தில் ஒரு கிரெய்னாக ஏற்றுகிறேன்.

பண்டாரவளை சித்தி: மகன், அப்படியே உன் பிரஷர் மாத்திரையையும் ஒழுங்காகப் போடு. போன மாதம் 150 என்று நீதானே சொன்னாய்.

எட்மன்டன் தம்பி: போடுகிறேன் சித்தி 🙏