பொருள்: முதுகெலும்பு இணைவுக்குப் பின் வரும் மூட்டுவலிக்குப் பெயர்

அன்பர்களுக்கு வணக்கம்.

கையேட்டு வரைவில் "அறுவைக்குப் பிந்தைய மூட்டுவலி" என்று இருக்கிறது. படிப்பவர் முழங்காலைத்தான் தடவிப் பார்ப்பார். நாம் குறிப்பது சாக்ரோஇலியாக் மூட்டை, அதாவது முதுகெலும்பின் அடியிலுள்ள சாக்ரம் எலும்பும் இடுப்பெலும்பும் சேருமிடத்தை. எல்4, எல்5 (கீழ்முதுகின் கடைசி இரண்டு எலும்புகள்), எஸ்1 (சாக்ரத்தின் மேற்பகுதி) ஆகியவற்றை ஸ்க்ரூவும் ராடும் போட்டு ஒன்றாக்கினால், குனிந்து நிமிரும் விசை கீழே இறங்கி அதன்மேல் விழுகிறது. இயல்பில் சில பாகைக்கு மேல் அசையாத மூட்டு அது. எஸ்1 வரை இணைத்தவர்களிடம் தொல்லை கூடுதல். இடுப்பெலும்பின் பின்விளிம்பில் ஒட்டெலும்பு (இணைக்கும் இடத்தில் வைக்கும் எலும்புத் துண்டு) எடுத்திருந்தால் அந்த இடமே வலிக்கலாம். அது வேறு கணக்கு.

எலும்புகளை இப்படி ஒன்றாக்கும் ஃபியூஷனுக்குச் சிலர் "பிணைப்பு" என்கிறார்கள். பிணைப்பது ஸ்க்ரூவின் வேலை. எலும்பு வளர்ந்து ஒன்றாகப் பல மாதம் ஆகும். அதற்கு "இணைவு" பொருந்தும். கூடாமல் போனால் "இணையாமை" என்று அதே வேரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

முன்மொழிவு: இணைவுக்குப் பிந்தைய இடுப்புப் பின்மூட்டு வலி.

———

> இடுப்புப் பின்மூட்டு

ஐயா, இணைவு சரி. இது வேண்டாம். "இடுப்பு மூட்டு" என்றால் தொடை எலும்பு பொருந்தும் பந்துக்கிண்ண மூட்டு என்று வழங்கிவிட்டது. சீட்டில் இப்படி எழுதினால் எக்ஸ்ரே அறையில் அதைத்தான் படம் எடுப்பார்கள். நோயாளிக்கோ இடுப்பு என்றால் கீழ்முதுகு முழுவதும்.

நோயாளி கை வைக்கும் இடத்தைப் பாருங்கள். பெல்ட் கட்டும் இடத்துக்குக் கீழே, முதுகுக் குழியை ஒட்டி, ஒற்றை விரலால் "இங்கதான்" என்பார். அந்தப் பக்கம் சாய்ந்து உட்கார முடியாது. படுக்கையில் புரண்டால் குத்தும். வலி பிட்டத்திலும் தொடையிலும் பரவுவதால் டிஸ்க் மறுபடி பிதுங்கியதாக நினைத்து எம்ஆர்ஐக்கு ஓடுகிறோம். அதில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "குழிமூட்டு" என்று வைக்க ஆசைதான், ஆனால் பந்துக்கிண்ணக் குழப்பம் திரும்ப வந்துவிடும். சாக்ரத்துக்குத் திருவெலும்பு என்ற சொல் இருக்கிறதே! திருவெலும்பு மூட்டு போதும்.

———

> திருவெலும்பு மூட்டு போதும்

ஏற்கிறேன். வலி, நோவு இரண்டில் வலியே இருக்கட்டும்; யாழ்ப்பாணத்தார் "நோ" என்பது அடைப்புக்குறியில் வரலாம்.

ஆனால் இந்தப் பெயரை எப்போது எழுதலாம் என்பதையும் வரையறையில் சேர்க்க வேண்டும். தொடையை அழுத்தித் தள்ளுவது, இடுப்பெலும்பை விரிப்பது போன்ற ஐந்து சோதனைகளில் குறைந்தது மூன்று அதே வலியைக் கிளப்பினால் "ஐயம்". எக்ஸ்ரே திரை பார்த்து மூட்டுக்குள் மரக்கச் செய்யும் ஊசி போட்டதும் வலி முக்கால்வாசி தணிந்தால் "உறுதி". சிலர் பாதி தணிந்தாலே போதும் என்பார்கள், அது தளர்வான அளவு. மூட்டு கொள்வது ஏறக்குறைய 2 மி.லி.தான், கூட ஏற்றினால் வெளியே கசிந்து பக்கத்து நரம்புகளை மரக்கச் செய்யும், முடிவு பொய்யாகும்.

அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்து, ஸ்க்ரூ தளர்வும் இணையாமையும் இல்லை என்று பார்த்துவிட வேண்டும்.

"தோல்வியுற்ற முதுகு அறுவை" என்ற தலைப்பின்கீழ் இதைப் போடாதீர்கள். இணைவு நன்றாகக் கூடியவருக்கும் இது வரும்.

இந்த வலிக்குக் கட்டும் பெல்ட்டுக்கும் பெயர் தேவை: திருவெலும்பு மூட்டுப் பட்டி. வீட்டிலிருக்கும் பழைய லம்பர் (கீழ்முதுகு) பெல்ட்டை வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பலனில்லை என்கிறார்கள். இது தொடையெலும்பின் பக்கமேட்டுக்குச் சற்று மேலே, இடுப்பெலும்பை இறுக்கிப் பிடிக்கும்படி கட்டவேண்டியது. இந்த வரியைப் படத்துடன் போட்டால் நல்லது.