பொருள்: ‘டிகிரடேசன்’ – சீரழிவா, தேய்வா?

குழுவினருக்கு வணக்கம்.

சூரியனைப் பல்லாண்டுகளாகப் பார்த்துவரும் விண்கலக் கருவிகளின் ‘டிகிரடேசன்’ என்பதற்கு நம் கலைச்சொற் பட்டியலில் ‘சீரழிவு’ என்று இட்டிருக்கிறோம். அது மாறத்தான் வேண்டும். சீரழிந்த கருவி உதவாது. 1995 டிசெம்பரில் ஏவிய சோஹோ என்ற சூரிய ஆய்வு விண்கலத்தின் கருவிகளோ உணர்திறன் குறைந்த பின்னும் பல்லாண்டு அளந்தன. ‘அரிப்பு’ம் பொருந்தாது, வெள்ளவத்தைக் கடற்கரைச் சன்னல் கம்பியை உப்புக்காற்று தின்கிறதே, அதுதான் அரிப்பு.

என் முன்மொழிவு ‘உணர்திறன் தேய்வு’. கணக்கியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் ‘பெறுமானத்தேய்வு’ பழகிய சொல். கொஞ்சங் கொஞ்சமாகக் குறைவது, அதைக் கணக்கிட்டுச் சரிசெய்வது, இரண்டும் அதில் அடங்கும்.

அந்தக் கணக்கில்தான் எல்லாம் இருக்கிறது. பூமியின் தூரத்தில் மொத்தச் சூரிய ஆற்றல் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1361 வாற்று. சூரியனின் செயற்பாடு ஏறி இறங்கும் 11 ஆண்டுச் சுழற்சியில் அது மாறுவது 0.1 சதவீத அளவே. கருவி அவ்வளவு தேய்ந்தாலே சூரியன் மங்கியதாகத் தோன்றும். அதனால் சோஹோவில் இந்த ஆற்றலை அளக்கும் விர்கோ கருவியில் கதிர்வீச்சுமானிக்குத் துணையாக இன்னொன்றை மூடியே வைத்து, எப்போதாவது திறந்து ஒப்பிட்டார்கள்.

– வெள்ளவத்தை

> என் முன்மொழிவு ‘உணர்திறன் தேய்வு’

தேய்வு நல்ல சொல், அக்கா. ஆனால் நடப்பது ஒன்றல்ல, இரண்டு.

கலத்தின் பசை, பூச்சு, காப்புறைகளில் இருந்து வெற்றிடத்தில் கசியும் ஆவி, குளிர்ந்த உணரியில் படிகிறது. படிந்ததைப் புறஊதாக் கதிர் இறுக்கிவிடும், அடுப்படிச் சுவரில் எண்ணெய்ப்புகை பிசினாவது போல. சூரியனைப் புறஊதாவில் படமெடுக்கும் சோஹோவின் ஈஐடி கருவியின் உணரியைச் சூடாக்கியபோது இழந்ததில் ஒரு பகுதி மீண்டது. மீளக்கூடியதைத் தேய்வு என்பது பிழை. ‘படிவுமங்கல்’ எனலாம்.

மற்றது உணரியின் சிலிக்கனுக்கே வரும் கேடு. ஈஐடியின் உள்விளக்கைப் போட்டு எடுத்த படத்தில், வழக்கமாகச் சூரியன் விழும் இடம் மட்டும் கறுத்துத் தெரிந்தது. மிதிபட்ட இடத்தில் குழியும் வாசற்படி மாதிரி. தேய்வு என்ற பெயர் இதற்கே உரியது.

– கொட்டாஞ்சேனை

தேய்ந்த நிலா வளர்கிறதே என்று ஒரு கணம் தயங்கினேன். ஆனால் கருவி என்றதும் நினைவுக்கு வருவது தேய்ந்த கத்திதான். பிரிவை ஏற்கிறேன். இரண்டுக்கும் பொதுவாக ‘உணர்திறன் குறைவு’ இருக்கட்டும். ‘படிவுமங்கல்’ சேர்த்தே எழுதப்பட வேண்டும். பிரித்தால் தேடலில் சிக்காது.

பதிவுக்கான எடுத்துக்காட்டு:

“அக்கினி நட்சத்திர நாட்களில் கார்த்திகை விண்மீன்கள் சூரிய வட்டை மறைத்து அதன் சுற்றுப்புறத்தைப் படமெடுக்கும் சோஹோவின் லாஸ்கோ சி3 கருவியின் படத்தைக் கடக்கின்றன. ஒளி மாறாத விண்மீன் ஆண்டுக்காண்டு மங்கிப் பதிவானால், அது கருவியின் உணர்திறன் குறைவு.”

– வெள்ளவத்தை